லெவல் 1 வந்துவிட்டது, இனி என்ன? அமெரிக்க மாநிலத் தேர்வில் பின்தங்கும் பிள்ளைகள் பற்றிப் பெற்றோர் கேட்பவை

அமெரிக்காவில் மாநிலத் தேர்வு முடிவுகள் வீட்டுக்கு வரும் பருவத்தில் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய அதேதான். பள்ளியில் சிறப்புக் கல்விப் பிரிவில் உதவியாளராக வேலை பார்த்தவள் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கே சேர்த்துவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மத்தியச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலக் கல்வித் துறையின் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாநிலத் தேர்வில் லெவல் 1 என்று வந்திருக்கிறது. பிள்ளை ஃபெயிலா?"

இல்லை. லெவல் 1 என்பது முடிவுத்தாளில் உள்ள நிலைகளில் மிகக் கீழானது, அவ்வளவுதான். 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்தாக வேண்டும் என்பது 2002-இல் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்தில் வந்தது. 2015 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்' சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. இந்தத் தேர்வின் முதல் நோக்கம் பள்ளியை எடைபோடுவது. நம் ஊர்ப் பொதுத்தேர்வு மாதிரி பிள்ளையின் அடுத்த வகுப்பை இது தீர்மானிப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபுளோரிடா, மிசிசிப்பி போன்ற சில மாநிலங்களில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் குறிப்பிட்ட அளவு எட்டாவிட்டால் அதே வகுப்பில் இருத்திவைக்கச் சட்டம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதை மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

"12-வது பர்சென்டைல் என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு மார்க்கா?"

நாடு முழுக்க அதே வகுப்பில் படிக்கும் நூறு பிள்ளைகளை வரிசைப்படுத்தினால் உங்கள் பிள்ளைக்குக் கீழே சுமார் பன்னிரண்டு பேர் என்று பொருள். எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதினான் என்பது இதில் தெரியாது. மேப், ஐ-ரெடி போன்ற தேர்வுகளைப் பள்ளிகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வைக்கின்றன. இந்த எண் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வரும்.

"கடைசியில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் ஸ்பெஷல் எட் பிள்ளைகள்தானே?"

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆசிரியர்களில் சிலர் உட்பட. கணக்குப் போட்டால் அது நிற்காது. 2024-இல் நேப் எனப்படும் தேசிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 40 சதவீதப் பிள்ளைகள் 'பேசிக்' என்ற அடிப்படை நிலைக்குக் கீழே இருந்தார்கள். சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் உதவி பெறுபவர்களோ 2022-23-இல் பொதுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம், அதாவது 75 லட்சம் பேர். அந்த 15 பேரும் ஒருவர் விடாமல் அடிப்படைக்குக் கீழே இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 25 பேர் யார்? எந்தக் குறைபாட்டு முத்திரையும் இல்லாத பிள்ளைகள். அதாவது கடைசி வரிசையில் அவர்கள்தான் பெரும்பான்மை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் அந்த வாசிப்புத் தேர்வில் அடிப்படைக்குக் கீழேதான் நிற்கிறார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனாலும் பத்தில் மூன்று பேர் மேலே இருக்கிறார்கள். சட்டத்தில் 13 வகைக் குறைபாடுகள் உண்டு. மொத்தப் பேரில் மூன்றில் ஒரு பங்கு டிஸ்லெக்சியா (எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் வரும் சிக்கல்) போன்ற கற்றல் குறைபாடு, ஐந்தில் ஒரு பங்கு பேச்சு, மொழிச் சிக்கல். அறிவுத்திறன் குறைபாடு என்ற வகையில் வருபவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். 'ஸ்பெஷல் எட் என்றால் படிக்க வராத பிள்ளை' என்ற எண்ணத்தை இந்த எண்களே உடைத்துவிடும்.

"சரி, குறைபாடு உள்ள பிள்ளையின் லெவல் 1-க்கும் இல்லாத பிள்ளையின் லெவல் 1-க்கும் என்ன வித்தியாசம்?"

முடிவுத்தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குறைந்த மதிப்பெண் ஒரு பிள்ளைக்குச் சிரமம் இருக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எளிய விளக்கம் தந்தார்கள்: எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்டால் புரிந்துகொள்ளும் மொழித்திறன் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வாசிப்பு. ஒரு பிள்ளைக்கு முதலாவது தடுமாறும்: கதையை நீங்கள் வாசித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும், தானே வாசிக்கச் சொன்னால் திணறும். இன்னொரு பிள்ளை கடகடவென்று வாசிக்கும், ஆனால் என்ன வாசித்தது என்று கேட்டால் முழிக்கும். மூன்றாவது பிள்ளைக்கு இரண்டும் நன்றாகவே வரும், நான்காவது பத்தியில் கவனம் எங்கோ போய்விடும். நான்காவது பிள்ளைக்கு ஒரு வருஷம் முழுக்க மாற்று ஆசிரியர்கள்தான் பாடம் எடுத்தார்கள். நாலு பேருக்கும் லெவல் 1. இதில் யாருக்கு முத்திரை கிடைக்கும் என்பது பல நேரம் யாருடைய பெற்றோர் கடிதம் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

முன்பெல்லாம் ஐக்யூ அதிகமாகவும் வாசிப்பு குறைவாகவும் இருந்தால்தான் கற்றல் குறைபாடு என்பார்கள். ஐக்யூவும் சுமார், வாசிப்பும் சுமார் என்றால் 'சாதாரண மந்தம்' என்று விட்டுவிடுவார்கள். இரு வகைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் கூட்டி வாசிக்கும் சிக்கல் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது, தேவைப்படும் பயிற்சியும் அதேதான். 2004-இல் சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த ஐக்யூ இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். நடைமுறையில் நான் பார்த்த வித்தியாசம் ஒன்று உண்டு. குறைபாடு உள்ள பிள்ளையின் சிரமம் நல்ல பயிற்சி கொடுத்த பிறகும் பிடிவாதமாக நிற்கும். பயிற்சிக்கு எவ்வளவு இசைந்து வருகிறது என்பதைப் பார்க்காமல், ஒரு வருஷ மதிப்பெண்ணை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"வீட்டில் தமிழ் பேசுவதால்தான் மார்க் குறைகிறது, இங்கிலீஷில் பேசுங்கள் என்று டீச்சர் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் போதாமைதான் முக்கியக் காரணம் என்றால் அந்தப் பிள்ளைக்குக் குறைபாடு என்று முடிவு செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாசிப்பும் கணக்கும் ஒழுங்காகச் சொல்லித் தரப்படாததுதான் காரணம் என்றாலும் அப்படியே. முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும். கூட்டத்தில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதே சமயம், 'வீட்டில் தமிழ், அதனால்தான் தாமதம்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் ஓட்டுவதும் நடக்கிறது. சிக்கல் ஆங்கிலத்தில் மட்டுமா, தமிழிலும் உண்டா என்று பாருங்கள். பாட்டி சொன்ன கதையைத் திருப்பிச் சொல்கிறதா? 'பால்' என்றால் 'கால்' என்று எதுகை பிடிக்கிறதா? நீளமான சொற்களைப் பேசும்போது எழுத்து இடம் மாறுகிறதா? தமிழிலும் இதெல்லாம் தடுமாறினால் அது மொழி மாற்றத்தின் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்து வரவில்லை என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு மணி நேரத்தில் 247 எழுத்து யாருக்குத்தான் வரும்?

"சோதனை பண்ணச் சொன்னேன். இன்னும் ஆறு மாசம் பார்ப்போம் என்கிறார்கள். காத்திருக்கணுமா?"

வாய்மொழியாகக் கேட்டிருந்தால் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தெந்தச் சிரமத்தைப் பார்க்கிறீர்கள், சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். பள்ளி முதல்வருக்கும் சிறப்புக் கல்விப் பொறுப்பாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பள்ளி சம்மதிக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சம்மதித்தால் உங்கள் ஒப்புதல் கையெழுத்திலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும், அல்லது மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள். டெக்ஸாஸில் அது 45 பள்ளி நாட்கள். கெடு ஓடத் தொடங்குவது நீங்கள் கேட்ட நாளிலிருந்து இல்லை, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து. ஒப்புதல் படிவத்தை வாங்கத் தாமதித்தால் கெடுவும் தள்ளிப்போகும்.

'முதலில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்' என்பது நல்ல யோசனைதான், ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போட முடியாது. மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியில் இதைத் தெளிவாகவே எழுதி அனுப்பியது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

பள்ளிகள் ஏன் தயங்குகின்றன என்பதற்கு டெக்ஸாஸ் ஒரு பாடம். 2004-இல் மாநிலக் கல்வி நிர்வாகம் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு 8.5 சதவீதம் என்று ஓர் அளவுகோல் வைத்தது. அதற்கு மேல் போகும் பள்ளி மாவட்டங்கள் தணிக்கைக்குப் பயந்தன. நாடு முழுக்கச் சுமார் 13 சதவீதம் இருந்தபோது டெக்ஸாஸில் எண்ணிக்கை 8.5-ஐ ஒட்டியே வந்து நின்றது. 2016-இல் ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. சட்டத்தை மீறியதுதான் என்று 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. அந்த வருஷங்களில் 'குறைபாடு இல்லாத பின்தங்கிய மாணவர்' என்று எண்ணப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"மதிப்பீடு முடிந்து 'தகுதி இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். மார்க் அப்படியேதான் கிடக்கிறது. இனி என்ன?"

முடிவு தவறு என்று நினைத்தால் வெளியாள் ஒருவரைக் கொண்டு, பள்ளிச் செலவில், மறுமதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளி கொடுக்க வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். கவனக் குறைபாடு போன்ற காரணம் இருந்து சிறப்புக் கற்பித்தல் தேவையில்லை என்றால், கூடுதல் நேரம் போன்ற வசதிகளைத் தரும் 504 பிளான் கேட்கலாம். அது 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்திலிருந்து வருவது.

உண்மையிலேயே குறைபாடு எதுவும் இல்லாத பிள்ளை என்றால் நிலைமை இன்னும் சங்கடம். கடைசி வரிசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஐஇபி எனப்படும் தனித் திட்டம், இலக்கு, கூட்டம், மேல்முறையீடு எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் அதே மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருப்பவனுக்குத் தனிப்பட்ட உரிமை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவன் கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை, ஆனால் இருப்பது இதுதான்.

அதனால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் படிப்படியான கூடுதல் பயிற்சி முறை ஒன்று இருக்கும். எந்தத் திறனுக்கான பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நிமிஷம், எத்தனை பிள்ளைகள் கொண்ட குழு, யார் நடத்துகிறார், முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார் என்று கேளுங்கள். 'ஆஃப்டர்ஸ்கூல் ஹெல்ப் இருக்கு' என்பது பதிலாகாது. முத்திரைக்குக் காத்திராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பை ஒழுங்காகச் சொல்லித் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியைச் சொல்லலாம். 2013-இல் சட்டம் போட்டு, ஆசிரியர்களுக்கு ஒலி அடிப்படையிலான வாசிப்புப் பயிற்சி கொடுத்து, பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பி, சிறு வகுப்பிலேயே சோதித்து உதவினார்கள். நேப் தேர்வின் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் 209 ஆக இருந்த சராசரி 2024-இல் 219. ஒரு காலத்தில் பட்டியலின் அடியில் கிடந்த மாநிலம் அது. மூன்றாம் வகுப்பில் இருத்திவைப்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி என்பதால் இந்த உயர்வில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

"ஐஇபி வாங்கினால் மாநிலத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்குமா? ஊரில் மொழிப்பாடத்துக்கு விலக்கு உண்டே."

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு, தெரியும். இங்கே வசதிகள் கிடைக்கும், விலக்கு கிடைக்காது. 1990-கள் வரை நிலைமை வேறு. சராசரி குறைந்துவிடும் என்று சிறப்புக் கல்விப் பிள்ளைகளைத் தேர்வன்று வீட்டில் இருக்கச் சொன்ன பள்ளிகள் எல்லாம் இருந்தன. 1997-இல் சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, எல்லாரும் எழுத வேண்டும் என்று வந்தது. 2002-க்குப் பிறகு சிறப்புக் கல்விப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொரு மாணவர் பிரிவிலும் குறைந்தது 95 சதவீதம் பேர் எழுத வேண்டும், அவர்கள் முடிவைத் தனியாக வெளியிடவும் வேண்டும் என்று ஆனது.

தேர்வு பிள்ளைக்குச் சுமைதான். ஆனால் எண்ணிக்கையில் வராத பிள்ளையைப் பற்றி எந்தப் பள்ளியும் கவலைப்படாது. அந்த அனுபவத்திலிருந்து வந்த விதி இது.

"ஆல்டர்னேட் தேர்வுக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஈசியாக இருக்குமாம், போடலாமா?"

அவசரப்படாதீர்கள். அது மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. ஒரு மாநிலத்தில் ஒரு பாடத்தில் தேர்வு எழுதுபவர்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் அதற்குப் போகக் கூடாது என்று 2015 சட்டம் சொல்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கோ, வெறுமனே தொடர்ந்து லெவல் 1 வாங்கும் பிள்ளைக்கோ அது பொருந்தாது.

அந்தப் பாதையில் போனால் பாடத்தின் ஆழமும் அதற்கேற்பக் குறையும். வழக்கமான பள்ளிப் பட்டயம் பெறுவது தாமதமாகலாம், தடைபடவும் செய்யலாம். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை. சொன்னார்களா? தேவைப்படும் பிள்ளைக்கு அது மிக நல்ல தேர்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைவிடத் தனக்குத் தெரிந்ததைக் காட்ட வாய்ப்புக் கிடைக்கிறது.

"நடுவாந்திரமாக ஒரு தேர்வு இருந்ததாமே? அதை ஏன் எடுத்துவிட்டார்கள்?"

இருந்தது. 2007 ஏப்ரலில் வந்த விதிப்படி, ஆல்டர்னேட் தேர்வு தேவைப்படாத, ஆனால் வழக்கமான தேர்வில் ஒரே வருஷத்தில் தேற முடியாத சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்காக மாநிலங்கள் ஒரு மாற்றியமைத்த தேர்வை வைக்கலாம். அதில் தேறியவர்களில் மொத்த மாணவர்களின் இரண்டு சதவீதம் வரை கணக்கில் காட்டலாம். அதனால் 'டூ பர்சென்ட் டெஸ்ட்' என்று பெயர். பத்தியைச் சுருக்குவார்கள், நாலு விடைகளில் ஒன்றை நீக்கி மூன்றாக்குவார்கள், படங்களைத் தெளிவாக்குவார்கள்.

வடிவமைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. இந்தத் தேர்வு யாருக்கு என்று பார்க்க மாநிலங்கள் கடைசி வரிசை மாணவர்களை அலசின. மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே கதை. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்தே இருந்தார்கள். பத்தி குழப்பமாக இருப்பதால் ஒரு பிள்ளை தவறு செய்கிறது என்றால், அந்தக் குழப்பம் பக்கத்துப் பிள்ளைக்கும் இருக்கும்தானே? அப்படியானால் கேள்வியை எல்லாருக்கும் திருத்த வேண்டும். அதோடு, இந்தத் தேர்வுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பும் இறங்கியது. 2015-இல் விதியை ரத்து செய்தார்கள். டெக்ஸாஸ் தன் மாற்றியமைத்த தேர்வை 2014-லேயே முடித்துக்கொண்டது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். திரும்பக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர்களின் ஆதங்கமும் எனக்குப் புரியாமல் இல்லை.

"கூடுதல் நேரம், வாசித்துக் காட்டுவது எல்லாம் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?"

எல்லா வசதிக்கும் ஒரே பதில் கிடையாது. தேர்வு எதை அளக்க வந்ததோ அதைத் தொடாமல் வழியில் கிடக்கும் தடையை மட்டும் அகற்றினால் அது நியாயம். கணக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டுவது அப்படிப்பட்டது. கூட்டி வாசிக்கிறதா என்று பார்க்கும் தேர்வில் பத்தியை வாசித்துக் காட்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. நேப் வாசிப்புத் தேர்வில் வாசித்துக் காட்ட இன்றும் அனுமதி இல்லை.

கூடுதல் நேரம் சிக்கலானது. குறைபாடு உள்ள பிள்ளைக்கு மட்டும் உதவி, மற்றவருக்கு மாற்றம் இல்லை என்றால் சந்தேகமே வராது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, கூடுதல் நேரம் இரு தரப்புக்கும் உதவுகிறது, குறைபாடு உள்ளவர்களுக்கு அதிகமாக உதவுகிறது என்பதே. வேகத்தை அளக்காத தேர்வில் எதற்கு எல்லாரையும் விரட்ட வேண்டும் என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன்.

இன்னொன்று. தேர்வன்று முதல் முறையாகக் கொடுக்கும் வசதி தொல்லைதான் தரும். கணினி வாசித்துக் காட்டும் குரலுக்கே பிள்ளை பழக வேண்டும். வகுப்பில் ஆண்டு முழுக்கப் பயன்படுத்துவதைத்தான் தேர்விலும் கேளுங்கள்.

"ஐஇபி, 504 எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஏதாவது கிடைக்குமா?"

நிறையவே. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் பயன்படுத்தும் 'ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு' தேர்வுக்குக் காலக்கெடுவே கிடையாது. பெரிதாக்கிப் பார்ப்பது, அடிக்கோடிடுவது எல்லாருக்கும் பொது. தனி அறை, வண்ண மாற்றம், கணக்குக் கேள்வியைக் கணினி வாசிப்பது போன்றவை ஆசிரியர் தேவை என்று முடிவு செய்தாலே கிடைக்கும். இதற்கு முத்திரை வேண்டாம். கேட்பவர்கள்தான் குறைவு.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு வேறு. அதற்கு அதை நடத்தும் கல்லூரி வாரியத்தின் தனி ஒப்புதல் வேண்டும். 2017-இலிருந்து ஐஇபி அல்லது 504-இல் ஏற்கெனவே உள்ள வசதிகளைப் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் தருகிறார்கள்.

"போன வருஷம் லெவல் 2, இந்த வருஷம் லெவல் 1. பின்னால் போய்விட்டானா?"

லெவலைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். அதற்கு அருகே ஒரு பிழை வரம்பும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு வருஷ எண்களும் அந்த வரம்புக்குள் உரசிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். எண் கூடியும் லெவல் குறையலாம், மேல் வகுப்பில் எல்லைக்கோடு உயர்ந்திருக்கும்.

வரிசையின் அடியில் இந்த எண்ணே கொஞ்சம் தளர்வானது. தேர்வின் பெரும்பாலான கேள்விகள் நடுநிலைப் பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஐந்தாம் வகுப்புத் தேர்வைக் கொண்டு இரண்டாம் வகுப்பு நிலையில் வாசிக்கும் பிள்ளையை அளப்பது அரிசி மூட்டைத் தராசில் கறிவேப்பிலை நிறுத்த கதைதான். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தாலே கால்வாசி சரியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடைக்கேற்ப அடுத்த கேள்வியை மாற்றும் கணினித் தேர்வுகள் கொஞ்சம் மேல். ஆனால் அவையும் பெரும்பாலும் அந்த வகுப்புப் பாடத்தின் எல்லைக்குள்தான் சுற்றும். உங்கள் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறான் என்று தெரிய ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

"பள்ளியில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் தனி வகுப்பு வைக்கிறார்கள். என் பிள்ளையை விட்டுவிட்டார்களா?"

உங்கள் சந்தேகம் வீணானது இல்லை. தேறியவர் எத்தனை பேர் என்று மட்டும் பள்ளியை அளந்தால், இன்னும் ரெண்டு கேள்வி சரியாகப் போட்டால் தேறிவிடும் பிள்ளைமேல்தான் பள்ளி கைவைக்கும். சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்த நீல், ஷான்சன்பாக் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நடுவில் இருந்தவர்கள் உயர்ந்தார்கள், கடைசி ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. குறைபாடு உண்டா இல்லையா என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை, தூரம்தான் கணக்கு.

இப்போது பல மாநிலங்கள் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்பதையும் பள்ளியின் மதிப்பெண்ணில் சேர்க்கின்றன. எனவே கூட்டத்தில் 'எப்போது தேறுவான்' என்று கேட்காமல் 'இந்த ஆண்டு எவ்வளவு வளர்ச்சியை எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேளுங்கள். பள்ளிக்கும் அது கணக்கில் வரும் எண்.

"ஐஇபி வந்து மூணு வருஷம். இன்னும் லெவல் 1-தான். அப்போ ஐஇபி-யால் என்ன பயன்?"

மூன்று வருஷத் திட்டத்தையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வையுங்கள். இலக்குகள் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் தவறு பிள்ளையிடம் இல்லை, திட்டத்தில். பல திட்டங்களில் வசதிகள் ஒரு பக்கம் நிறைய இருக்கும், நேரடியாகச் சொல்லித் தரும் நிமிஷங்கள் ஒரு வரியில் முடிந்துபோகும். கூடுதல் நேரம் கொடுத்தால் வாசிப்பு வராது, சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

ஏதோ துளி முன்னேற்றம் இருந்தால் போதும் என்று பள்ளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், எண்ட்ரூ எஃப் வழக்கு என்பார்கள், 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்தது. பிள்ளையின் சூழலுக்கு ஏற்ற, ஆனால் சவாலான முன்னேற்றத்தைத் திட்டம் நோக்க வேண்டும் என்றது. கூட்டத்தில் இந்த வழக்கின் பெயரைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். 'இந்த இலக்கு போதுமான சவாலா?' என்று கேட்டாலே அவர்களுக்குப் புரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு கட்டாயம் என்பதால் அதையும் இப்போதே கேளுங்கள்.

"இத்தனை சட்டம் போட்டும் சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கும் மற்றவருக்கும் இடைவெளி குறையவே இல்லையாமே?"

இடைவெளி பெரிதுதான். ஆனால் அந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நன்றாக முன்னேறிய பிள்ளை சிறப்புக் கல்வியிலிருந்து வெளியே வந்துவிடும், அதன் மதிப்பெண் அடுத்த வருஷம் மற்றவர்கள் கணக்கில் போய்ச் சேரும். புதிதாகச் சிரமப்படும் பிள்ளை உள்ளே வரும். இப்படி ஓடும்போது அந்தப் பிரிவின் சராசரி எப்போதும் கீழேயே நிற்கும், உள்ளே நல்ல வேலை நடந்தாலும். அதே பிள்ளைகளை வருஷா வருஷம் பின்தொடர்ந்து பார்க்கும் கணக்குத்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

2014-க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேற வேண்டும் என்று 2002 சட்டம் இலக்கு வைத்தது. யாரும் எட்டவில்லை. அப்புறம், 2013-ஐ ஒட்டி நேப் எண்களில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் விலகத் தொடங்கினார்கள். பத்தாவது பர்சென்டைல் மாணவர்களின் எண் இறங்கியது, கொரோனாவுக்கு முன்பே. நாட்டின் கடைசி வரிசை முழுவதும் சேர்ந்து சரிகிறது என்றால், அதைச் சிறப்புக் கல்விப் பிரிவின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

"பேசாமல் தேர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்?"

பெற்றோர் மறுக்கலாமா என்பது மாநில விதி. நியூயார்க்கில் 2015-இல் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் எழுதவில்லை. சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் இருத்திவைக்கும் சட்டம் உள்ள மாநிலம் என்றால், எழுதாமல் இருப்பது எழுதிக் குறைவாக வாங்குவதைவிட மோசமாக முடியலாம்.

தேர்வு நினைத்தாலே வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு மறுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெறுமனே லெவல் 1 பார்க்கப் பிடிக்காமல் மறுப்பதென்றால் யோசியுங்கள். மதிப்பீடு கேட்டு நீங்கள் எழுதும் மின்னஞ்சலில் இணைக்க மூன்று வருஷ மாநிலத் தேர்வுத் தாளைவிட வலுவான காகிதம் உங்களிடம் வேறு இருக்காது. பள்ளியே அச்சிட்டுக் கொடுத்த எண் அது, அதை அவர்களே மறுத்துப் பேச முடியாது.